ஐந்தாம் லெவலும் முதல் லெவலும் ஒரே மேஜையில்: டர்பன் விளையாட்டுக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும், கோயில் கூடத்தின் ஒரு மூலையில் இரண்டு மேஜைகளை ஒட்டிப் போட்டு ஒரு குழு பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை ஆடுகிறது. அந்தக் குழுவின் ஆட்டம் நடுவில் கிட்டத்தட்ட நின்றே போனது. சண்டை எதுவும் இல்லை, யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. புதிதாகச் சேர்ந்த இருவரின் கதாபாத்திரங்கள் முதல் லெவல், மற்றவர்கள் ஐந்தாம் லெவல். அவ்வளவுதான் காரணம். அந்த நாலு லெவல் வித்தியாசம் ஏன் ஒரு மேஜையைக் கவிழ்க்கப் பார்த்தது, விதிகளை எழுதியவர்கள் லெவலை எங்கெங்கே நுழைத்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் அதில் எதைப் பிடுங்கினோம், எதை விட்டுவைத்தோம் என்பதுதான் இந்த ஆய்வு.

மேஜையும் ஆட்களும்

இந்த வகை விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் கதை நடத்துவார், அவர் கேம் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். ‘பாலத்தில் ஏறி அவனை வெட்டுகிறேன்’ என்று சொல்லிவிட்டு இருபது பக்கப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு உங்கள் போனஸைக் கூட்டினால் வரும் தொகை எதிராளியின் ஆர்மர் கிளாஸ் என்ற தற்காப்பு எண்ணையாவது தொட்டாக வேண்டும். தொட்டால் அடி, இல்லையென்றால் காற்றில் வீச்சு. ஆட ஆட அனுபவப் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும்.

எங்கள் மேஜையில் கேம் மாஸ்டர், தமிழ் வகுப்பு எடுக்கும் அக்காதான். வகுப்பை முடித்துவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு அதன்பிறகு தமிழ் பேச இடமே இல்லை என்பது அவருடைய வருத்தம். இங்கே பெரும்பாலான வீடுகளில் தமிழ் என்றால் கோயில் பாட்டும், அண்ணா, அக்கா, ஆயா என்ற உறவுப் பெயர்களும்தான், மற்றதெல்லாம் ஆங்கிலம். அதனால் மேஜைக்கு ஒரே ஒரு சட்டம் போட்டார். கதைக்குள் இருக்கும்போது தமிழ். தப்பும் தவறுமாக இருந்தாலும் தமிழ்.

வீரனாக ஆடுவது ஒரு பல்கலைக்கழக மாணவன். வைத்தியராக ஆடும் அக்கா நிஜத்திலும் நர்ஸ். ஷிஃப்ட் மாறினால் வரமாட்டார். மந்திரவாதி, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து உம்லாங்காவில் தங்கியிருக்கும் ஐடி ஆள். நான் திருடன். கணக்குப் பார்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

எடுத்துக்கொண்ட விதிகள் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு, 2019-ல் வந்தது. புத்தகம் வாங்கவேண்டாம், விதிகள் முழுவதும் இணையத்தில் முறைப்படி இலவசமாகக் கிடைக்கின்றன என்பதே முதல் காரணம். கதை நடக்கும் இடம் அக்காவின் கற்பனையில் உருவான ஒரு கரும்பாலை ஊர். கோப்ளின்களுக்குக் குட்டிச்சாத்தான் என்று பேர் வைத்தோம், டிரோல் அரக்கன் ஆனான்.

வருகைக் கணக்கை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிரச்சினையின் வேர் அங்கே இருக்கிறது. தைப்பூசக் காவடி வந்தால் விரதம் இருப்பவர்கள் வரமாட்டார்கள். கல்யாண சீசனில் பாதி மேஜை காலி. அக்டோபர், நவம்பரில் மெட்ரிக் பரீட்சை. நடுவில் மின்வெட்டு வேறு. விதிகள் இருக்கும் பக்கம் திறக்காமல் போனைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகளும் உண்டு. இத்தனைக்கும் நடுவே நாங்கள் நால்வர் எப்படியோ ஐந்தாம் லெவலுக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் வகுப்பிலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். இருவரும் உயர்நிலைப் பள்ளி. இந்த விளையாட்டே அவர்களுக்குப் புதிது.

அவர்களை முதல் லெவலில் சேர்த்தது யோசித்து எடுத்த முடிவு. ஐந்தாம் லெவல் கதாபாத்திரத்தின் தாளில் திறமைகளே ஒரு பக்கத்துக்கு இருக்கும். விளையாட்டும் புதிது, அதைத் தமிழில் ஆடுவதும் புதிது என்று வருகிற பிள்ளையிடம் அந்தத் தாளை நீட்டினால் அடுத்த வாரம் வராது. லெவல் என்பதே படிப்படியாகக் கற்றுக்கொள்ளத்தானே? அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

பாலத்துச் சண்டை

ஆற்றுப்பாலத்தில் ஒரு அரக்கன். ஐந்தாம் லெவலுக்கு ஏற்ற எதிரி: ஆர்மர் கிளாஸ் 22, தாக்கும் போனஸ் 15, ஒரு அடிக்குச் சராசரியாக 16 சேதம்.

தங்கை வில்லாளி. அவளுடைய போனஸ் 7: லெவலுக்கு 1, பயிற்சிக்கு 2, கைத்திறனுக்கு 4. முதல் அம்பு விட்டாள்.

“அண்ணா, பதினாலு போட்டேன். படுமா?”

“கூட்டிப் பாரும்மா.”

“இருபத்தொண்ணு.”

“இருபத்திரண்டு வேணும்.”

அடுத்த சுற்றில் 9. அதற்கடுத்து 11. மோசமான உருட்டல் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் அம்பு படும். அதாவது நூற்றுக்கு 30. பக்கத்தில் வீரனுக்குப் போனஸ் 16. அவனுக்கு 6 விழுந்தால் போதும், நூற்றுக்கு 75. இந்த விதிகளில் இன்னொன்றும் உண்டு: தேவையான எண்ணைவிட 10 கூடுதலாகத் தொட்டால் இரட்டைச் சேதம். வீரனுக்கு அது 16 முதல் 20 வரை எது விழுந்தாலும் கிடைக்கும். தங்கைக்கு 20 விழுந்தால் மட்டும், அதுவும் 20 விழுந்தால் முடிவு ஒரு படி ஏறும் என்ற விதியால்.

திருப்பி அடிக்கும்போது வித்தியாசம் இன்னும் கொடூரம். வீரனின் ஆர்மர் கிளாஸ் 23. அரக்கனுக்கு 8 விழ வேண்டும், இரட்டைச் சேதத்துக்கு 18. முதல் லெவல் அண்ணனின் ஆர்மர் கிளாஸ் 18. அரக்கனுக்கு 3 விழுந்தால் போதும், 13 விழுந்தாலே இரட்டைச் சேதம். 13 விழுந்தது. 32 சேதம், அண்ணனிடம் இருந்ததோ இருபதைத் தாண்டாத ஹிட் பாயிண்ட், அதாவது தாங்கக்கூடிய சேதம். விழுந்தான். சண்டையின் மிச்ச நேரமெல்லாம் தன் முறை வரும்போது பிழைப்பானா என்று ஒரு பகடை உருட்டுவதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை. வைத்தியர் அக்கா ஒவ்வொரு சுற்றிலும் யாரையாவது தூக்கி நிறுத்திக்கொண்டே இருந்தார். “இதுக்கு நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கலாம்” என்றார்.

அரக்கன் கடைசியில் வீரன் கையால் செத்தான். வீரனாக ஆடும் தம்பிக்கு அது நல்ல சண்டை, விறுவிறுப்பு, சரியான ஆபத்து. ஒரே சண்டையில் அவன் ஒரு விளையாட்டு ஆடினான், அந்த இரண்டு பிள்ளைகள் வேறொன்று ஆடினார்கள். அடுத்த வாரம் தங்கை வரவில்லை. டியூஷன் என்று சொன்னார்கள். இருக்கலாம்.

லெவல் எங்கே உட்கார்ந்திருக்கிறது

இதைப் புத்தகத்தின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. எல்லோரும் ஒரே லெவலில் இருக்க வேண்டும் என்று அதே விதிகள் பரிந்துரைக்கின்றன. அப்படி இருந்தால் அதன் சண்டைக் கணக்கைப்போலத் துல்லியமான ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சண்டையின் கடுமையைப் புள்ளியால் அளப்பார்கள்: உங்கள் லெவல் எதிரிக்கு 40 புள்ளி. இரண்டு லெவல் ஏறினால் 80. நாலு ஏறினால் 160. இரண்டு லெவலுக்கு ஒருமுறை இரட்டிப்பு. நால்வர் குழுவுக்கு 80 புள்ளி என்றால் நடுத்தரச் சண்டை, 160 என்றால் உயிரோடு திரும்புவதே கஷ்டம். சொன்னபடி நடக்கும். நடப்பதற்குக் காரணம், பயிற்சி பெற்ற எல்லாவற்றிலும் லெவல் அப்படியே முழுசாகக் கூட்டப்படுகிறது: தாக்குதல், தற்காப்பு, ஏறுதல், பேரம், எல்லாம். நாலு லெவல் வித்தியாசம் என்றால் இருபது பக்கப் பகடையில் நாலு பக்கம் உங்களிடமிருந்து பிடுங்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ஆயுதமும் பயிற்சியும் சேர்ந்தால் இன்னும் கூட.

இந்த வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வரலாறு முழுவதுமே இந்தக் கூட்டலை எங்கே வைப்பது என்ற தடுமாற்றம்தான் என்று எனக்குத் தோன்றும். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அதை வெளியிட்டபோது லெவல் முக்கியமாக ஹிட் பாயிண்டில் இருந்தது. எத்தனை அடி தாங்குவாய் என்பதுதான் வளர்ச்சி. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு கூட்டலை எல்லா இடத்துக்கும் கொண்டுபோனது, ஆனால் ஆளுக்கு ஆள் வெவ்வேறு வேகத்தில். 20-ஆம் லெவலில் வீரனுக்குத் தாக்குதல் அடிப்படை 20, மந்திரவாதிக்கு 10. பயிற்சி எடுத்த திறமையில் 23 புள்ளி வரை சேர்த்திருக்கலாம், எடுக்காதவனுக்குச் சுழியம். பகடையிலோ 20 பக்கம்தான். ஒருவனுக்கு எப்போதும் நடக்கும், இன்னொருவனுக்கு எப்போதும் நடக்காது, பகடை எதற்கு?

2008-ல் நான்காம் பதிப்பு இதைச் சரிசெய்ய எல்லோருக்கும் பாதி லெவலைக் கூட்டியது. 30 லெவல், எல்லோருக்கும் 15. ஆளுக்கு ஆள் இடைவெளி குறைந்தது. ஆனால் எதிரிகளும் அதே வேகத்தில் ஏறினார்கள், பூட்டுகளும் சுவர்களும்கூட லெவலுக்கு ஏற்ற அட்டவணையிலிருந்து வந்தன. பல மேஜைகளில், நீ எவ்வளவு ஏறினாலும் உனக்கு முன்னால் வரும் கதவும் அதே அளவு ஏறியிருக்கும். அந்தப் பதிப்பில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் உள்ள அடியாட்கள். லெவல் ஏறிய வீரன் கூட்டத்தை வெட்டிச் சாய்க்கும் சுகத்தை அப்படிக் கொடுத்தார்கள்.

2014-ல் ஐந்தாம் பதிப்பு தலைகீழாகத் திரும்பியது. 20 லெவல் ஏறினாலும் பயிற்சிப் போனஸ் 2-லிருந்து 6 வரைதான் போகும். முதல் லெவல் ஆளுக்குப் போனஸ் 5 என்றால் ஐந்தாம் லெவலில் 7. ஆர்மர் கிளாஸ் 15 உள்ள குட்டிச்சாத்தானை அடிக்க முன்னவருக்கு நூற்றுக்கு 55, பின்னவருக்கு 65. எங்கள் தங்கைக்கு இது போதுமாக இருந்திருக்கும். அதற்காக லெவல் காணாமல் போய்விடவில்லை. ஹிட் பாயிண்டிலும் சேதத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் லெவல் வீரனிடம் 12 ஹிட் பாயிண்ட் என்றால் ஐந்தாம் லெவலில் 44 இருக்கும், ஒரு சுற்றில் இரண்டு வெட்டு வேறு. ஐந்தாம் லெவல் மந்திரவாதியின் நெருப்புக்கோளம் எட்டு ஆறுபக்கப் பகடை, சராசரி 28. அந்த 12 ஹிட் பாயிண்ட் ஆள் முழுச் சேதத்தை வாங்கினால் அந்த இடத்திலேயே மரணம். தப்பிக்கும் பகடை ஜெயித்துப் பாதி வாங்கினாலும் மயக்கம்.

லெவலே இல்லாத வழியும் உண்டு. 1978-ல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற விளையாட்டில் ஒவ்வொரு திறமைக்கும் சதவீதம். உபயோகித்தால் ஏறும், ஏற ஏற ஏறுவது கஷ்டம். ஹிட் பாயிண்ட் பெரிதாக ஏறாது. எத்தனை வருஷம் ஆடியவனையும் ஒரு நல்ல ஈட்டிக்குத்து சாய்த்துவிடும். டர்பன்காரர்களுக்குச் சொல்வதென்றால் இது துனீ சீட்டாட்டத்துக்குப் பக்கத்தில் வருகிறது: ஜாக்கிக்கு எப்போதும் 30, ஒன்பதுக்கு 20, நேற்றுக் கற்றுக்கொண்ட பையன் கையில் இருந்தாலும் சரி, நாற்பது வருஷம் ஆடிய தாத்தா கையில் இருந்தாலும் சரி. தாத்தா ஜெயிப்பது சீட்டின் மதிப்பால் இல்லை.

முதலில் செய்தது, பிறகு செய்தது

புத்தகமே ஒரு வழி சொல்கிறது: பின்தங்கியவர்களுக்கு இரட்டை அனுபவப் புள்ளி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒவ்வொரு லெவலுக்கும் 1000 புள்ளி. நாங்கள் 1000 சேர்த்தால் அவர்கள் 2000 சேர்ப்பார்கள், இடைவெளி ஒரு லெவல் குறையும். நாலு லெவல் இடைவெளி அடைபட நாங்கள் ஒன்பதாம் லெவலுக்குப் போக வேண்டும். காவடிக்கும் மெட்ரிக்குக்கும் நடுவில் எங்கள் வேகத்துக்கு அது எப்போது நடக்கும் என்று சொல்லவே பயமாக இருந்தது.

பழைய அட்டவணைகள் இந்த விஷயத்தில் எவ்வளவு சாமர்த்தியமானவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1981-ன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்பில் வீரனுக்கு 2000, 4000, 8000, 16,000, 32,000, 64,000 என்று கிட்டத்தட்ட இரட்டித்துக்கொண்டே போகும். ஏழாம் லெவல் ஆள் 64,000-லிருந்து எட்டாம் லெவலின் 1,20,000-க்குப் போவதற்குள், கூடவே சமபங்கு வாங்கிய புதியவன் 56,000 சேர்த்திருப்பான். அது ஆறாம் லெவல். தனியாகச் சலுகை எதுவும் தேவையில்லை, அட்டவணையின் வடிவமே அவனைத் தூக்கிவிடுகிறது. 2014 பதிப்பிலும் இந்தச் சாயல் உண்டு. ஐந்திலிருந்து ஆறுக்கு 7500 புள்ளி வேண்டும். அதே 7500 புதியவனை முதல் லெவலிலிருந்து நேரே ஐந்துக்குக் கொண்டுவந்துவிடும். யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாத மேஜைகளுக்கு அந்த அட்டவணைதான் பொருத்தம். பாத்ஃபைண்டரின் 1000, 1000 என்ற சமமான படிகள் எல்லோரும் வாராவாரம் வருவார்கள் என்று நம்புகின்றன.

அடுத்து, பாத்ஃபைண்டருக்கே உள்ள ஒரு மாற்று விதி: பயிற்சிப் போனஸில் லெவலைக் கூட்டாமல் விடுவது. எதிரிகளுக்கும் அவர்கள் லெவலைக் கழித்துவிட வேண்டும். அதே பாலத்துச் சண்டையை மறுபடி கணக்குப் போட்டோம். அரக்கனின் ஆர்மர் கிளாஸ் 17, தாக்குதல் 10. வீரனின் போனஸ் 11. அவனுக்கு இன்னும் 6 விழுந்தால் போதும், எதுவும் மாறவில்லை. தங்கையின் போனஸ் 6. 11 விழுந்தால் அம்பு படும். 30 என்பது 50 ஆகிவிட்டது. முதல் நாள் அவள் போட்ட 14, 9, 11-ல் இரண்டு அம்புகள் பட்டிருக்கும்.

ஹிட் பாயிண்ட் வித்தியாசம் மட்டும் அப்படியே நின்றது. வீரனுக்கு 68, தங்கைக்கு 19. அவன் வாளில் நாலாம் லெவலில் பதித்த மந்திர எழுத்தால் சேதப் பகடை இரண்டு. அவள் அம்புக்கு ஒன்று. ஆகக் கூட்டலை ஒரு இடத்திலிருந்து எடுத்தோம், மற்ற இரண்டு இடங்களில் அது பத்திரமாக இருந்தது.

இந்த மாற்றத்தின் இன்னொரு விளைவை வீரன்தான் முதலில் கவனித்தான். பழைய கணக்கில் குட்டிச்சாத்தான் அவனை அடிக்க 15 விழ வேண்டும். புதிய கணக்கில் 9. “அஞ்சாம் லெவலுக்கு வந்தும் குட்டிச்சாத்தான் என்னைக் கடிக்குதே அக்கா, இதுக்கா இத்தனை வாரம் வந்தேன்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி.

கேம் மாஸ்டர் அக்காவுக்கு அதே விளைவு பெரிய சந்தோஷம். காரணம் அவர் கதையில் இருந்தது. ஆலை ஊரின் கதை எங்கே போய் முடிய வேண்டும் என்று அவர் முதலிலேயே வைத்திருந்தார்: தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நடக்க வேண்டும். நேட்டாலில் வளர்ந்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இது எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. 1913-ல் மூன்று பவுண்டு வரியை எதிர்த்துச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தச் சத்தியாக்கிரகத்தில் சிறைபோன தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். வகுப்பில் அக்கா ஒவ்வொரு வருஷமும் சொல்லும் பாடம் அது.

லெவலை முழுசாகக் கூட்டும் விதிகளில் அந்தக் காட்சிக்கு இடமே இல்லை. பாத்ஃபைண்டரின் வயது முதிர்ந்த சிவப்பு டிராகன் 19-ஆம் லெவல், ஆர்மர் கிளாஸ் 45. போனஸ் 7 உள்ள ஒருவன் 20 போட்டாலும் 27. அது படுதோல்வி, 20 விழுந்த புண்ணியத்தால் ஒரு படி ஏறி வெறும் தோல்வி ஆகும். அப்படி ஆயிரம் பேர் எறிந்தாலும் ஒரு கல்கூடப் படாது. 2014-ன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அதே வகை டிராகனுக்கு ஆர்மர் கிளாஸ் 22, ஹிட் பாயிண்ட் 546. போனஸ் 3 உள்ள சாதாரணக் காவலாளி 19 போட்டால் ஈட்டி படும். நூறு பேர் எறிந்தால் ஒரு சுற்றில் பத்துப் படும். நிறையப் பேர் சாவார்கள், ஆனால் டிராகனும் தப்பாது. முன்னதில் ஊர் என்பது நாயகர்கள் காப்பாற்ற வேண்டிய ஒன்று. பின்னதில் ஊரே ஒரு ஆள். ஒரு எண்ணை எங்கே கூட்டுவது என்று முடிவெடுப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, எந்த மாதிரிக் கதை நடக்கலாம் என்பதையும் முடிவெடுத்துவிடுகிறார். அக்காவின் கதைக்கு லெவல் கழித்த கணக்குதான் வேண்டும். அதை வைத்துக்கொண்டோம்.

மீதி இருந்தது ஹிட் பாயிண்டும், தாளில் நிறைந்திருக்கும் திறமைகளும். இங்கேதான் ஐடி அண்ணா ஒரு நல்ல கேள்வி கேட்டார்: “லெவல்னு நாம சொல்றது ஒண்ணா, மூணா?” பிரித்துப் பார்த்தால் மூன்று. உலகம் உனக்கு எவ்வளவு ஆபத்து என்று அளக்கிறது. விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுத் தருகிறது. தொடர்ந்து வந்ததற்குப் பரிசாகவும் இருக்கிறது. புத்தகம் மூன்றையும் ஒரே எண்ணில் கட்டிவைத்திருக்கிறது. புதியவர்களை முதல் லெவலில் சேர்த்தது இரண்டாவது வேலைக்காக. அடிவாங்கியது முதல் வேலையில்.

அதனால் பிரித்தோம். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஐந்தாம் லெவலின் ஹிட் பாயிண்டையும் போனஸையும் சேதத்தையும் அப்படியே கொடுத்தோம். திறமைகளை மட்டும் தனித்தனிச் சீட்டாக எழுதி ஒரு உறையில் போட்டு அக்காவிடம் வைத்தோம். முதல் நாள் கையில் இரண்டே சீட்டு. கதையில் ஒரு இடம் வரும்போது, ஓடுகிறவனைக் குறிபார்த்து அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அக்கா அதற்கான சீட்டை உறையிலிருந்து எடுத்து நீட்டுவார். வாங்கியவர் அதைத் தமிழில் சத்தமாக வாசித்து, தன் கதாபாத்திரம் அதை எங்கே கற்றது என்று இரண்டு வரி சொன்னால் சீட்டு அவருக்கு. தங்கைக்கு ‘குறிவைத்த இரை’ என்ற சீட்டு கிடைத்த அன்று, தன் பாட்டனார் கரும்புக் காட்டில் காட்டுப்பன்றி விரட்டியதாக ஒரு கதையே கட்டினாள். இலக்கணம் பாதி வழியில் கழன்றுபோனது, யாரும் திருத்தவில்லை.

அவள் திரும்பி வந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். டியூஷன் நேரமும் மாறியிருந்தது.

பரிசு என்ற மூன்றாவது வேலை

இதற்கு விலை இருந்தது. வீரன் கேட்டதன் அடியில் இருந்ததும் இதுதான்: வந்தவர்களுக்கு முதல் நாளே ஐந்தாம் லெவல் எண்கள் என்றால், நாங்கள் இத்தனை காலம் வந்ததற்கு என்ன? எண்ணால் கொடுக்கும் பரிசை எண்ணால் சமன் செய்யப் போனால் பழைய இடைவெளிக்கே திரும்புவோம்.

பழைய ஆட்டத்தில் இதற்கு ஒரு விடை இருந்தது. தொடக்க காலப் பதிப்புகளில் வீரன் ஒன்பதாம் லெவல் வாக்கில் பிரபு ஆவான். கோட்டை கட்டலாம், நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆகலாம், ஆட்கள் தேடி வருவார்கள். அதன்பிறகு ஆட்டத்தின் குணமே மாறிவிடும், வாள்சண்டையிலிருந்து நிர்வாகத்துக்கு. பின்னால் வந்த பதிப்புகள் அதைத் தளர்த்திவிட்டு, மேல் லெவல்களைப் பெரிய எண்களாலும் பெரிய மந்திரங்களாலும் நிரப்பின. எனக்கு அது நஷ்டம் என்றே படுகிறது.

நாங்கள் ஆறாம் லெவலோடு எண்களை நிறுத்திவிட முடிவு செய்தோம். இதுவும் புதிய யோசனை இல்லை. மூன்றாம் பதிப்புக் காலத்திலேயே ஆறாம் லெவலில் நிறுத்தி, அதன்பிறகு திறமைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு போகும் ஈ6 என்ற முறை ஆட்டக்காரர்கள் மத்தியில் பரவியிருந்தது. எங்கள் மேஜையில் அதற்குமேல் கிடைப்பது எண்ணாக இருக்காது. வீரனுக்கு ஆலைக் காவலர்களில் பன்னிரண்டு பேர் அவன் சொல் கேட்பவர்களாக வந்தார்கள். வைத்தியர் அக்காவுக்கு ஒரு வைத்தியசாலை, அதன் கடனோடு சேர்த்து. மந்திரவாதிக்குத் தோட்டத் துரையின் கணக்குப் புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. யாருக்கு எவ்வளவு கூலி பிடித்தம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு அந்தத் துரையின் பகை.

லெவல் கழித்த கணக்கில் பன்னிரண்டு காவலர்கள் என்பது அலங்காரம் இல்லை, சண்டையில் நிஜமாகவே எடைபோடும். வீரன் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது.

இன்னும் சரியாகாதவை

தனி எதிரி ஒருவனை வைத்து நடத்தும் சண்டை இப்போது எங்கள் மேஜையில் சப்பென்று போய்விடுகிறது. லெவலை முழுசாகக் கூட்டினால் இரண்டு லெவல் மேலே உள்ள எதிரி ஒருவனே நடுங்க வைப்பான். அவன் அடி அடிக்கடி இரட்டைச் சேதமாக விழும், எங்கள் அடி நழுவும். கூட்டலை எடுத்தபிறகு அவன் ஒருவன், நாங்கள் ஆறு பேர், ஒரு சுற்றில் அவனுக்கு மூன்று செயல், எங்களுக்குப் பதினெட்டு. அக்கா இப்போது எந்தப் பெரிய எதிரியையும் தனியாக அனுப்புவதில்லை. கூடவே நாலைந்து அடியாள் வருவார்கள். அதனால் சண்டை நீளுகிறது. கூடத்தை மாலைப் பூஜைக்கு முன்னால் காலி செய்ய வேண்டும் என்பதால் பாதிச் சண்டையை அடுத்த வாரத்துக்கு எடுத்துப்போகும் வழக்கமும் வந்துவிட்டது.

உறையில் சீட்டு வைக்கும் முறையில் அக்காவின் வேலை கூடியிருக்கிறது. யாருக்கு எது கொடுத்தாயிற்று, எது மிச்சம் என்று அவர் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறார். வகுப்பிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் வரப்போகிறார்கள். நோட்டை இனி என்னிடம் தரப்போவதாகச் சொல்லிவிட்டார்.

வீரனாக ஆடும் தம்பி இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. பாத்ஃபைண்டரைப் புத்தகத்தில் உள்ளபடியே, லெவலை ஒன்றுவிடாமல் கூட்டி, ஒருமுறையாவது கடைசிவரை ஆடிப் பார்க்க வேண்டும் என்கிறான். கேட்டால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அதற்கு ஆட்கள் மாறக்கூடாது, லெவலும் பிரியக்கூடாது. ஐடி அண்ணா ஒத்துக்கொண்டார், நர்ஸ் அக்கா ஷிஃப்ட் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வார நாள் இரவில், ஆன்லைனில், நால்வர் மட்டும், எல்லோரும் முதல் லெவலிலிருந்து. சனிக்கிழமை மேஜை இப்போது இருக்கிறபடியே ஓடும்.